ஆரம்ப இருப்பு

லூடன்ஷைட் மலையில் மழை.
கீழே நிலவறையில் ஈரமானியின் முள்
நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
மணிக்குப் பதினான்கு யூரோ எனக்கு,
வெள்ளைக் கையுறை தனி.
இலையுதிர்காலத்தில்
ஹூல்ஸ்பிரிங்க் நிறுவனத்துக்கு நூறு வயது.
அதற்குள் நானூற்றுச் சொச்சம் பேரேடுகளை
ஸ்கேன் செய்து முடித்தாக வேண்டும்.

பொத்தானில் தொடங்கியது எல்லாம்.
எள் தூவினாற்போல் புள்ளி வைத்த சாம்பல் பொத்தான்.
ஒரு படையுடுப்புக்கு எத்தனை,
ஒரு படைக்கு எத்தனை,
எனக்கு இப்போது மனப்பாடம்.

1938, அக்டோபர். விற்பனைப் பத்திரம்.
விற்றவர் ஜீக்மண்ட் ஆரோன்ஸ்டைன்.
வாங்கியவர்
அவருடைய மாதிரிப் பெட்டியைத்
தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போன ஏவால்ட் ஹூல்ஸ்பிரிங்க்.
விலை, இரண்டு கடைசல் எந்திரமும்
ஒரு பழைய வண்டியும் பெறும்.
நோட்டரி அதையே நியாய விலை என்கிறார்.
ஆரோன்ஸ்டைன் கையெழுத்து நேராக நிற்கிறது.
மற்றது சற்றே சாய்ந்திருக்கிறது,
எங்கோ போக நேரமானதுபோல.

நூறில் முதல் பன்னிரண்டு வருடம்
யாருடையது என்று
பந்தல்காரர்கள் கேட்கப்போவதில்லை.

1943, பக்கம் 188.
"கிழக்கிலிருந்து பெண்கள்: 61."
கூலி. கழிவு, கொட்டகை. கழிவு, சூப்பு.
கழிவு, மரக்காலணி.
மீந்ததைச் சில்லறை என்றும் சொல்ல முடியாது.
அதிலும் ஒரு வரி:
யெவ்தோகியா பாலமார்சுக், வயது பதினெட்டு,
பன்னிரண்டு பொத்தான் திருடியதற்கு
அபராதம் மூன்று மார்க்.

எதற்கடி உனக்குப் பன்னிரண்டு பொத்தான்?
ரொட்டிக்கு மாற்றவா,
இரவில் யாரோடும் ஆடவா,
இல்லை, வெறுமனே
உன் கையால் செய்தது ஒருநாளாவது
உன் கையில் இருக்கட்டும் என்றா?
பேரேடு காரணம் கேட்பதில்லை.
வரவு: மூன்று மார்க்.

பூஜ்ய மணி என்கிறார்கள் இங்கே, போர் முடிந்ததை.
கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடியதாம்.
பக்கம் 211, ஏப்ரல்.
பக்கம் 212, ஜூன்.
அதே ஊதா மை, அதே கணக்கப்பிள்ளை,
ஏழு எழுதும்போது இடுப்பில் அதே கோடு.
முதல் வரியில் ஆரம்ப இருப்பு,
பழைய பக்கத்திலிருந்து ஒரு காசும் சிந்தாமல்.

விசாரணை மன்றம் ஏவால்டை
"கூடப் போனவர்" என்று எழுதி விட்டுவிட்டது,
ஏதோ மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடந்தவரைப்போல.

அப்புறம் ஏறுமுகம்தான்.
வானொலிப் பெட்டிக்குத் திருகு,
கார்க் கதவுக்குப் பளபளக்கும் கைப்பிடி,
மகன் ஹார்ட்விக்குக்கு ஏரிக்கரையில் வீடு,
பேரன்மார் மூவருக்கு ஆறு வக்கீல்.
ஒருவன் தன் பங்கை ஜூரிக்கில் விற்றான்.
ஊருக்கு ஒரு இசை அரங்கம் வந்தது,
வரிவிலக்கோடு.

பேத்தியின் மகள் ஃபிரீடரிகே
நேற்று நிலவறைக்கு வந்தாள்,
கையில் எனக்கும் சேர்த்துக் காபியோடு.
திலகேஸ்வரி என்பதை
ஒரு எழுத்தும் நழுவாமல் சொல்லப் பழகியிருக்கிறாள்.
நல்ல பெண். பக்கம் 188-ஐப் பார்த்துக் கண் கலங்கினாள்.
"எதையும் மறைக்கவில்லை நாங்கள்,
நான்காம் அத்தியாயத்தில் எல்லாம் வருகிறது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது
அவள் கொள்ளுத்தாத்தா காலத்து வழக்கம்.
இப்போது அதைத் துண்டு போட்டு, உப்பிட்டு,
வழவழப்புத் தாளில் பரிமாறுகிறார்கள்.

"அப்படியானால் பதாகையில் '1926 முதல்' என்பது?"
அவள் காபியைப் பார்த்தாள்.
"அது பிராண்ட்."

மாலை, கடைசிக் கோப்பு.
ஒவ்வொரு பக்கத்துக்கும் கணினியில்
ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்: பொருள், ஒரே சொல்லில்.
யெவ்தோகியாவின் பக்கத்துக்குத்
திருட்டு என்று தட்டினேன். அங்கே எழுதியிருப்பது அதுதானே.
பிறகு அக்டோபர் பத்திரத்தைத் திறந்து
அதே சொல்லை அங்கேயும் தட்டினேன்.
இனி யார் தேடினாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

திங்கட்கிழமை சரிபார்க்கிறவர் மாற்றிவிடலாம்.
ஐந்தே காலுக்குப் பேருந்து.
கோட்டை மூடிக்கொண்டு ஏறினேன்,
மழை விட்டபாடில்லை.